காலமாற்றமும் நாவலரும்

உயிரின் இலக்கணம் கூறுமிடத்துச் சித்தாந்த நூலார், அது சார்ந்ததன் வண்ணமாந் தன்மையுடையது என்பர். படிகமானது தன்னையடுத்த பொருளின் நிறத்தைத் தானுங் காட்டி நிற்றல் போல, உயிரும் மலத்தைச் சார்ந்துழி மலமாயும், சிவத்தைச் சார்ந்துழிச் சிவமாயும் நிற்கும் என்பது அவர் துணிபு. இவ்வியல்பு உயிர்க்கு இழுக்குமன்று, பெருமையுமன்று. சாரப்பட்ட பொருள் யாது என்பது கொண்டே அது பந்தத்துக்கேனும் வீட்டுக்கேனும் ஏதுவாகின்றது. தனியுயிர்க்குக் கூறிய இவ்விலக்கணத்தை ஒரு சமுதாயத்தின் வரலாற்றுக்கும் ஒருவாற்றாற் பொருத்திக் காணலாம். எதிர்பாராத வகையில் அரசு மாறிக் கல்வியும் மாறிய காலத்து, ஒன்றனையும் மாற்றாது நின்ற சமுதாயங்கள் பல அழிந்தொழிந்தன. வந்த வண்ணமெல்லாம் ஏற்றவையோ, பெயர் மாத்திரையே எஞ்ச வேறு பொருளாயின. இவ்விரண்டுமன்றி, மாற்றற்பாலது இது, மாற்றலாகாதது இது என்று பகுத்துணர்ந்து ஒழுகியதற்கு 19 ஆம் நூற்றாண்டின் யாழ்ப்பாணத்துச் சைவம் நல்லதோர் எடுத்துக்காட்டு. அதனுள்ளும் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) செய்தனவும், செய்யாது மறுத்தனவும் ஊன்றி ஆராயத்தக்கன.

நாவலர் தோன்றுதற்கு இரு நூற்றாண்டு முன்னரே யாழ்ப்பாணம் தன் அரசை இழந்தது. 1619 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் அவ்வரசைக் கைப்பற்றினர்; 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடித்துத் தகர்க்கப்பட்டது. 1658 இல் ஒல்லாந்தர் வந்தனர். அவர் காலத்தில் விவாகம், முதுசம், உத்தியோகம் என்னும் இவையெல்லாம் கிறிஸ்தவ தேவாலயப் பதிவோடு பிணிப்புண்டிருந்தமையின், ஞானஸ்நானம் பெற்ற பெயரொன்று பதிவிலும், தம் முன்னோர் இட்ட பெயரொன்று வீட்டிலுமாக மக்கள் இரட்டை வாழ்க்கை வாழ்ந்தனர். அக்காலத்துச் சைவர் கைக்கொண்ட வழிகள் இரண்டு. ஒன்று நாட்டைவிட்டு நீங்குதல். திருநெல்வேலி என்னும் ஊரினரான ஞானப்பிரகாசர், வீட்டுக்கொரு பசுவாகப் பறங்கியருக்கு உணவின்பொருட்டுக் கொடுக்கும் முறை தம் வீட்டுக்கு வந்தபோது, அதற்கு உடன்படாது இரவிலே கடல்கடந்து சென்றனர் என்பது யாழ்ப்பாணத்தார் வழிவழியாகக் கூறும் வரலாறு. அவர் பின்னர்ச் சிதம்பரத்தில் வதிந்து சிவஞானசித்தியாருக்கு உரை செய்தவர். நாவலர் பிறந்த மரபோடு தொடர்புடையவர். மற்றொன்று மறைந்தொழுகுதல். விரதநாளில் உண்ட வாழையிலையை வெளியே எறியின் காட்டிக்கொடுக்கும் என்று அஞ்சி, அதனைக் கூரையினுள்ளே செருகி மறைத்தனர் என்ற செய்தி இன்றும் அந்நாட்டு முதியோர் வாயிற் கேட்கப்படுவது.

இவ்விரு வழியும் அவ்வக் காலத்துக்கு ஏற்றனவே, குறைகூறற்பாலன அல்ல. வாளொடு வந்தவன் முன் வேறு செய்தற்கில்லை. மறைந்தொழுகியமையான் வீட்டுப் பூசையும் விரதமும் பிழைத்தன. ஆயினும் நூற்கல்வி சிற்சில குடிகளிலே ஒடுங்கிற்று. ஊரறிய உரைப்பாரும், ஊரறியக் கேட்பாரும் அருகினர். ஒல்லாந்தர் ஆட்சியின் இறுதியிலே கெடுபிடி தளர, வண்ணார்பண்ணையில் வைத்திலிங்கச் செட்டியார் வைத்தீசுவரன் கோயிலை எடுப்பித்தார். 1795 இல் யாழ்ப்பாணக் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. வற்புறுத்தி மதமாற்றும் வழக்கம் ஒழிந்தது. இனித் துன்பமில்லை என்றே சைவர் பலரும் எண்ணியிருத்தல் கூடும்.

எதிர்பாராதது நிகழ்ந்தது அதன் பின்னரே. 1814 இல் உவெசிலியன் மிஷனார் இலங்கைக்கு வந்தனர். 1816 இல் அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணம் புகுந்தனர். 1818 இல் சேர்ச் மிஷனார் நல்லூரிலேயே அமர்ந்தனர். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கிற்று. 1841 இல் ‘உதயதாரகை’ என்னும் பத்திரிகை வெளிவரலாயிற்று. இவர் கோயிலை இடித்தாரல்லர், பசுவைக் கேட்டாரல்லர். கூலியின்றிக் கல்வி தந்தனர், மருந்து தந்தனர், அச்சிட்ட துண்டுப் பத்திரங்களைத் தெருத்தோறும் வழங்கினர். பாடசாலையிற் பயின்ற பிள்ளைக்கு உத்தியோகம் எளிதாயிற்று. இந்நிலையில் ஓடியொளிதற்கு இடமேது? துரத்துவார் ஒருவருமிலர். கூரையிற் செருகும் இலை இங்கே யாதொரு பயனுந் தாராது. பகைவன் படையொடு வரின் மறைந்து காத்தல் கூடும். பாலர் கையிற் பாடப் புத்தகமாய் வரின் மறைந்திருத்தல் தானே தோல்வியாம். இருநூறாண்டுக் காலம் பழகிய தற்காப்பு முறை ஒரே தலைமுறையுள் உதவாததாயிற்று என்பதே அக்காலத்துச் சைவர்க்கு நேர்ந்த இடர்.

இவ்விடரை உள்ளிருந்து கண்டவர் நாவலர். 1822 ஆம் ஆண்டு டிசம்பர் 18 ஆம் நாள் நல்லூரிற் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியாருக்கும் மைந்தராய்த் தோன்றிய அவர், சரவணமுத்துப் புலவரிடத்தும் சேனாதிராய முதலியாரிடத்தும் தமிழ்நூல்களைக் கற்றார். பின்னர் உவெசிலியன் மிஷன் ஆங்கிலப் பாடசாலையிற் சேர்ந்து, அங்கேயே ஆசிரியராயும் அமர்ந்தார். அப்பாடசாலைத் தலைவராகிய பீற்றர் பார்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழில் மொழிபெயர்க்க முற்பட்டபோது அவர்க்குத் துணையாயிருந்தவர் நாவலரே. அம்மொழிபெயர்ப்பைச் சென்னைக்குக் கொண்டுசென்று, ஆண்டுள்ளார் செய்த மற்றொரு மொழிபெயர்ப்போடு சீர்தூக்கியபொழுது, மழவை மகாலிங்கையர் நாவலர் நடையையே சிறப்பித்துக் கூறினர் என்று அவர் சரிதம் எழுதினோர் உரைப்பர்.

சைவப் பெரியாரொருவர் பல்லாண்டு பைபிள் மொழிபெயர்ப்பிற் காலங்கழித்தமையை நாணத்தோடு மறைத்துச் செல்வாரும் உளர். அது வேண்டாத நாணம். பார்சிவலின் பாடசாலையில் அவர் கண்டவை பல. வகுப்பு வகுப்பாகப் பிரித்துப் பாடஞ்சொல்லும் ஒழுங்கு, சிறுவர் அறிவுக்கேற்பப் படிப்படியே உயரும் பாடப் புத்தகம், வாரந்தோறும் ஒருநாளிற் குறித்த பொருள்பற்றி உரைநடையிற் செய்யும் பிரசங்கம், ஒரு நூலின் ஆயிரம் பிரதியை ஒருபடித்தாக ஆக்கும் அச்சியந்திரம் என்னும் இவையெல்லாம் கிறிஸ்து சமயத்தின் உட்பொருளல்ல, அச்சமயத்தார் கையாண்ட கருவிகளே என்று அவர் உணர்ந்தார். மேலும், பைபிள் முழுவதையும் எழுத்தெழுத்தாக ஆராய நேர்ந்தமையான், எதிரிகளின் நூலை எதிரிகளிலும் நன்கறிந்த சைவர் ஒருவர் தோன்றினார். 1848 இல் அவர் அவ்வூழியத்தை விடுத்தபோது, பார்சிவல் அவரை நிறுத்திக்கொள்ளப் பெரிதும் முயன்றனர் என்பர்.

ஊழியத்தை விடுத்தற்கு முன்னரே அவர் தொடங்கியது பிரசங்கம். 1847 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆம் நாள், வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் முதற் பிரசங்கம் நிகழ்ந்தது. அதன்பின் வெள்ளிதோறும் நாவலரும் அவர் நண்பர் கார்த்திகேசையரும் பேசி வந்தனர். யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் புராணபடனம் முன்னரே வழங்கியதுதானே, இதிற் புதுமை யாது என்று வினவலாம். புராணபடனத்தில் ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பர். மற்றொருவர் அச்செய்யுளுக்குப் பயன் சொல்லுவர். கேட்போன் செய்யுளின் போக்கிற் செல்லுவான். பிரசங்கமோ கேட்போனுடைய வாழ்க்கையிலிருந்து பொருளை எடுப்பது. கொலை மறுத்தல், கள்ளுண்ணாமை, ஈகை, பசுக்காவல், சிவலிங்க வழிபாடு, கடவுள் ஒருவரே என்னும் உண்மை ஆகியன அங்கே தனித்தனி எடுத்து விளக்கப்பட்டன. ஞாயிறுதோறும் தேவாலயத்திற் பாதிரிமார் செய்ததனை வெள்ளிதோறும் சிவாலயத்திற் செய்தது வெறும் போலச்செய்தல் என்று நகைத்தவர்களும் உண்டு. வெள்ளி என்ற நாளும், கோயில் என்ற இடமும், ஆகமம் என்ற பிரமாணமும் சைவர்க்கே உரியன. வெளியிலிருந்து வந்தது பேசும் முறை ஒன்றே என்பதை அவர் நோக்கினாரல்லர்.

1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றிற்று. திண்ணைப் பள்ளியில் நெடுங்கணக்குக்குப் பின் நேரே நிகண்டும் நீதிநூலும் மனனஞ்செய்யும் வழக்கமிருந்தது. அதனால் நினைவாற்றல் பெருகும். பொருளுணர்ச்சி பலர்க்குப் பின்னரே வரும், சிலர்க்கு வருதலுமில்லை. புதிய வித்தியாசாலைக்குப் புதிய நூல் வேண்டும் என்று கண்டு நாவலர் ‘பாலபாடம்’ என்னும் வரிசையை இயற்றினார். சிறு வாக்கியத்திற் றொடங்கிப் படிப்படியே ஏறி, நான்காம் புத்தகத்திற் கடவுளிலக்கணமும் சைவாசாரமும் கட்டுரையாக உரைக்கப்படும் அளவுக்கு அவ்வரிசை உயர்கின்றது. ‘சைவ வினாவிடை’யும் இவ்வகையினதே. பாதிரிமார் தம் பாலர்க்கு வினாவும் விடையுமாகச் சமயம் போதித்ததைக் கண்டு செய்தது அது என்பர். அஃதுண்மையே, ஆயினும் மாணாக்கன் வினவ ஆசிரியர் விடுக்கும் முறையில் உண்மைவிளக்கம் நடத்தல் மெய்கண்ட சாத்திரம் பயின்றார் எவரும் அறிந்தது. தம் வீட்டு அறையிலே நெடுநாட் கிடந்த கருவி பிறர் கையிற் கூர்மையுற்று விளங்கக் கண்டு, அதனைத் தாமும் எடுத்தார் என்றலே பொருந்தும்.

அச்சியந்திரத்தின் கதை இன்னுஞ் சிறிது விரித்துரைக்கத்தக்கது. ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட இந்திய நாட்டில் 1835 இல் அச்சுக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்ட பின்னரே நாட்டு மக்கள் அச்சகம் வைத்து நடத்தல் பெருகிற்று. யாழ்ப்பாணத்திலோ அச்சகம் மிஷனார் கையிலேயே இருந்தது. 1849 இல் நாவலர் தம் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையை உடன்கொண்டு, அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுச் சென்னைக்குப் புறப்பட்டார். வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்திற்குச் சென்று பிரசங்கஞ் செய்ய, ஆதீனத்தார் அவர்க்கு ‘நாவலர்’ என்னும் பட்டம் அளித்தனர். இதன்கண் ஒரு நயம் உண்டு. ஏட்டுச்சுவடியும் குருமரபுமே உயிராகக் கொண்ட பழைய மடம், இரும்பு யந்திரம் வாங்கச் செல்லும் இல்லறந் தொடா இளைஞரை, பாதிரிமாரிடத்திற் பழகிய பேச்சுமுறைக்காகவே பாராட்டிப் பட்டஞ்சூட்டிற்று! மடத்தின் நெகிழ்ச்சியும் இங்கே நாவலருடையதற்குக் குறைந்ததன்று. அவர் சென்னையிற் சூடாமணி நிகண்டுரையையும் சௌந்தரியலகரியுரையையும் அச்சிட்டு, யந்திரத்தோடு மீண்டு, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். 1851 இல் நன்னூல் விருத்தியுரையும், 1852 இற் பெரியபுராண வசனமும், 1861 இற் பரிமேலழகர் உரையோடு திருக்குறளும் அவர் பதிப்பாக வந்தன.

ஏட்டிலிருந்து அச்சுக்கு மாற்றுதல் எழுத்தைப் பார்த்து எழுத்துக் கோத்தல் மாத்திரமன்று. ஏட்டிற் புள்ளியில்லை, எகர ஏகாரமும், ஒகர ஓகாரமும் வேறுபாடு தோன்றா, காலும் ரகரமும் ஒருபடித்தாயிருக்கும், செய்யுளும் உரையும் இடைவெளியின்றித் தொடரும். ஆசிரியன் அருகிருந்து ஓதக் கேட்பவனுக்கு இவற்றால் இடரில்லை. ஏடு அவனுக்கு நினைவுக்குறிப்பே. அச்சுப் புத்தகமோ ஆசிரியனில்லாத இடத்துக்குத் தனியே செல்வது. மன்னாரிலோ மட்டக்களப்பிலோ தனியேயிருந்து வாசிப்பவனுக்கு ஆசிரியன் குரல் செய்த உதவியைத் தாளிலுள்ள குறிகளே செய்தல் வேண்டும். இதனை உணர்ந்தே நாவலர் சந்தியைப் பிரித்தும், காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி முதலிய மேனாட்டுக் குறிகளை இட்டும் அச்சிட்டார். அக்குறிகளைக் கண்டு முகஞ்சுளித்த பண்டிதர் பின்னர்த் தாமும் அவற்றையே வழங்கினர். பல பிரதிகளை ஒப்புநோக்கிப் பிழைகளைந்து வெளியிட்டமையான், நாவலர் பதிப்பு என்னும் பெயரே திருத்தத்துக்கு உறுதிமொழியாயிற்று. அவ்வழியிற் பயின்று சி. வை. தாமோதரம்பிள்ளை 1868 இல் தொல்காப்பியச் சேனாவரையத்தை வெளியிட்டபொழுது அதனைப் பார்வையிட்டுதவியவரும் நாவலரே. அப்பிள்ளை வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்றவர் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

இவையெல்லாவற்றினுஞ் சிறந்தது பெரியபுராணத்தை வசனமாக்கிய துணிவு. சேக்கிழார் வாக்கு சைவர்க்கு வெறுங் கதையன்று, ஓதற்குரிய திருமுறை. அதன் செய்யுளைக் குலைத்து உரைநடையாக்குதல் அபசாரமாகாதோ என்னும் ஐயம் எழுதற்கு இடனுண்டு. எதிரே பாதிரிமார் தங்கள் வேதத்தைத் தச்சனும் உழவனும் வாசிக்கும் தமிழிற் கொண்டுவந்து வைத்திருந்தனர். அதனை அவ்வாறு ஆக்கிக்கொடுத்தவருள் ஒருவர் நாவலரே. சைவப் பிள்ளையோ கண்ணப்ப நாயனார் சரிதத்தை அறியச் செய்யுளுணர்வோர் ஒருவரைத் தேடிச் செல்லல் வேண்டும். நாவலர் செய்யுளை நீக்கினாரல்லர்; செய்யுளுக்கு முன்னே ஒரு வாயில் அமைத்தார். சேக்கிழார் சொற்களையே கூடியவரை கையாண்டு, கதைப்போக்கிற் குறைத்தலும் கூட்டலுமின்றி எழுதினார். நாயன்மாருடைய செயலின் உட்கருத்தைப் பிறழவுணராவண்ணம், சரிதப்பொருளைக் குரு லிங்க சங்கம வழிபாடு முதலிய சித்தாந்தக் கோட்பாடுகளோடு இயைத்துச் சூசனமும் எழுதினார். பிள்ளைக்கறி சமைத்த செயலும், கண்ணிடந்தப்பிய செயலும் எதிரிகளின் நகைக்கு எளிய இலக்காகும் என்பதை அவர் நன்கறிவார். ஆதலின் கதையைப் பரப்பியவரே, அதனைக் காக்கும் வேலியையும் உடனிட்டனர். புதிய கருவியாற் புதிய இடர் வரும் என்று முன்னறிந்து செய்த செயல் இது. அந்நாளில் வேறு பலர் செய்த வசன நூல்களில் இம்முன்னறிவு காணப்படாமையின் அவை கதையாகவே நின்றொழிந்தன.

வாதத்தினும் முறை மாறிற்று. சிவஞானசித்தியார் பரபக்கம் உலகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாக 14 மதத்தினரை நிறுத்தி மறுக்கின்றது. புதிதாக வந்த எதிரி அவ்வரிசையில் இல்லை. பௌத்தனுக்குக் கூறிய விடை பாதிரிக்குப் பொருந்தாது. நாவலர் 1854 இல் வெளியிட்ட ‘சைவதூஷணபரிகாரம்’ பழைய விடைகளை மீட்டும் ஒப்புவித்தமையாதது. ஆலயம், தூபம், தீபம், நைவேத்தியம், திருவிழா என்பவற்றைப் பழித்தார்க்கு, அவர்தம் பழைய ஏற்பாட்டிலேயே ஆலயமும் விளக்கும் தூபமும் பலியும் விதிக்கப்பட்டிருத்தலை இடஞ்சுட்டிக் காட்டிற்று. எதிரி ஒப்பிய பிரமாணங்கொண்டே எதிரியை மறுத்தல் தருக்கநூலார்க்குப் பழைய நெறி. அந்நெறிக்கு வேண்டிய பொருளைப் பார்சிவலின் மேசையிலிருந்தே அவர் பெற்றுக்கொண்டார். பார்சிவலும் பிற்காலத்து உவெசிலியன் மிஷனை விட்டுச் சென்னை சேர்ந்து, 1855 இல் ‘தினவர்த்தமானி’ என்னும் தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கினார். தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டினார். இருவரும் ஒருவர்க்கொருவர் கடன்பட்டவரே.

இதுவரை கூறியவாற்றால், நாவலர் எதற்கும் வளைந்துகொடுப்பவர் என்று ஒருவர் முடிவுசெய்வராயின், அது வழுவாம். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் அமைப்பும் கிரியையும் ஆகமவிதிக்கு மாறாயுள்ளன என்று கண்டனஞ்செய்தவர் அவர். கோயில்களில் உயிர்ப்பலியையும், தேவதாசிகளின் ஆடலையும் கடிந்தவர் அவர். இராமலிங்க அடிகளின் பாடற்றொகுதி அருட்பா என்னும் பெயரால் வழங்கியதை மறுத்து 1869 இற் போலியருட்பா மறுப்பு எழுதியவரும் அவரே. திருமுறைக்கும் ஆகமத்துக்கும் ஒப்பாக மற்றொன்றை வைக்க அவர் ஒருபோதும் இசைந்திலர். கருவியில் நெகிழ்ச்சி, பொருளில் உறுதி என்று இதனைச் சுருங்கக் கூறிவிடலாம். பலரும் அவ்வாறே கூறுவர்.

ஆயினும் வரலாறு அத்துணை எளிதன்று. கருவியை மாற்றின் பொருள் சிறிதும் மாறாது நிற்குமோ என்பது வினாவத்தக்கது. நல்லூர்க் கோயில் வழக்கையே நோக்குக. அக்கோயிலில் வழிபட்டோர் தம் முன்னோர் செய்தவாறு செய்தனர். அவர்க்குப் பிரமாணம் வழக்கு. நாவலர்க்குப் பிரமாணம் நூல். ஆகமம் குருக்கள்மார் நெஞ்சிலும் சில சுவடிகளிலும் மாத்திரம் இருந்த காலத்து, வழக்கை நூலோடு ஒப்பிட்டு வினவும் ஆற்றல் பொதுமக்களுக்கு இல்லை. அச்சு வந்தபின் எழுத்தறிந்த எவனும் ஒப்பிடலாம், வினவலாம். இங்ஙனம் நூலை முதலாகவும் வழக்கை அதன்வழிப்பட்டதாகவும் கொள்ளும் மனப்பான்மை அச்சியந்திரத்தோடும் பாடசாலையோடும் ஒருங்கு வளர்ந்தது. பழமையைக் காக்க எழுந்தவரே, பழமை இதுவென்று துணிதற்குப் புதியதோர் அளவுகோலைக் கொணர்ந்தவருமாயினர். இதனை இழப்பென்பாரும் உளர், பேறென்பாரும் உளர். இரண்டுங் கலந்ததென்றலே வரலாற்றுக்கு ஒக்கும். கிராமத்துச் சிறுதெய்வ வழிபாடு பல அவமதிக்கப்பட்டு மெலிந்தது. உயிர்க்கொலை பல இடத்தும் ஒழிந்தது.

குருமரபிலும் மாற்றம் நேர்ந்தது. சித்தாந்த சாத்திரம் தீக்கைபெற்ற மாணாக்கனுக்கு ஆசிரியன் அறிவுறுத்துவது. அச்சுப்புத்தகம் வாங்குவோனிடம் தீக்கை உண்டோ என்று வினவாது. இதுபற்றியே ஆதீனங்கள் சில நூல்களை நெடுங்காலம் வெளிவிடாது காத்தன. சிவஞான முனிவர் 18 ஆம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞானபோத மாபாடியம் 20 ஆம் நூற்றாண்டிற்றான் அச்சேறிற்று. அக்காவல் தவறென்று எளிதிற் பழித்தலாகாது. தகுதியில்லார் கையிற் சாத்திரம் படும் இழுக்கை அவர் அஞ்சினர். ஆயினும் அவ்விடைக்காலத்தில் அம்மாபெரும் உரையைக் காணாதே கற்றுக் கழிந்த தலைமுறைகளின் இழப்பை யார் ஈடுசெய்வர்?

சாதி வரம்பைப் பற்றியும் ஒன்று கூறாதொழிதல் நேர்மையாகாது. நாவலர் தம் காலத்துச் சாதியாசாரத்தை ஆகமப் பொருளின்பாற் பட்டதாகவே கொண்டு, அதனைத் தளர்த்த இசைந்திலர். மிஷன் பாடசாலைகளிற் பல சாதியாரும் ஒருங்கிருத்தல் பற்றிச் சைவர் பலர் மனங்குமைந்த காலம் அது. சைவப் பாடசாலை அக்குமைவுக்கு மருந்தாகவும் பலராற் கருதப்பட்டது. திருநாளைப்போவாரையும் திருநீலகண்டத்துப் பெரும்பாணரையும் உரைநடையில் இல்லந்தோறும் கொண்டுசென்ற கை, அவர் மரபினர்க்குக் கோயிற் கதவைத் திறக்க நீளவில்லை. மாற்றலாகாத பொருள் என்று அவர் வகுத்த எல்லையுள், காலத்தின் வழக்கொன்றும் உடன்புகுந்து நின்றது என்பதே பிற்காலத்துச் சைவர் பலரின் துணிபு. நூற்றாண்டு ஒன்று கழிந்த பின்னரும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசத்தின்பொருட்டுப் போராட்டம் நிகழ வேண்டியதாயிற்று. கருவி எது, பொருள் எது என்னும் பகுப்பு ஒருமுறை செய்து முடித்தொழியுஞ் செயலன்று என்பதற்கு இதனின் மிக்க சான்று வேண்டா.

இனி, அவர் தம் பிற்காலத்தில் ஏற்ற மாற்றம் ஒன்று பெரும்பாலும் பேசப்படாதது. தமிழ்க் கல்வியே சைவத்துக்குப் போதும் என்ற கருத்தோடு தொடங்கியவர் அவர். 1864 இற் சிதம்பரத்தில் அவர் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையும் அக்கருத்தினதே. ஆனால் யாழ்ப்பாணத்து இளைஞர்க்கு ஆங்கிலமே உத்தியோகத்துக்கு வாயிலாயிற்று; அவ்வாயிலின் திறவுகோல் மிஷன் பாடசாலைகளிடம் இருந்தது. நாவலர் நோக்கியது என்னெனின், ஆங்கிலம் கற்றலாற் சமயங் கெடுவதன்று, ஆங்கிலம் கற்றற்கு வேறிடமில்லாமையாற் கெடுவது என்பதே. ஆதலின் 1872 இல் வண்ணார்பண்ணையிற் சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார். போதிய பொருளுதவி இன்மையாற் சில ஆண்டுகளுள் அது நின்றுபோயிற்று. 1877 இல் பஞ்சம் வந்தபொழுது அவர் கவனமெல்லாம் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தலிற் சென்றது. 1879 இல் சட்டநிரூபண சபைக்குத் தமிழர் பிரதிநிதியாகப் பொன்னம்பலம் இராமநாதனை ஆதரித்து ஊர்ப்பெரியாரைத் திரட்டினார். ஆங்கிலக் கல்வியும் சைவப்பற்றும் ஒருவரிடத்து ஒருங்கமைதல் கூடும் என்பதற்கு அவ்விளைஞர் கண்கூடான சான்றாயினர். அவ்வாண்டே டிசம்பர் 5 ஆம் நாள் நாவலர் சிவபதமடைந்தார்.

அவர் மாணாக்கரும் அன்பரும் 1888 இற் சைவபரிபாலன சபையை அமைத்தனர். 1889 இல் ‘இந்துசாதனம்’ பத்திரிகையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடலாயினர். 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அவர்தம் பொறுப்பிலே வண்ணார்பண்ணையில் நடைபெறலாயிற்று. நாவலர் பொருளின்றி மூடிய ஆங்கிலப் பள்ளி, பதினைந்தாண்டு கடவாமுன் வேறு பெயரோடு அவ்வூரிலேயே மீண்டும் திறக்கப்பட்டது.